பகைப் பொருத்தம்

புனிதா எப்போது வந்து அடிப்பாள் என்று அமலிக்குத் தெரியாது. தெரியக் கூடாது. அதுதான் குழுவின் முதல் விதி.

அன்று அமலி பொதுக்குழாய் வரிசையில் குடத்தோடு நின்றிருந்தாள். முன்னால் ஆறு பேர். யாரோ சொன்னதற்குச் சிரிக்க வாயைத் திறந்தபோது முதுகில் விழுந்தது. துடுப்பின் தட்டைப் பக்கம். மூச்சு அடைத்துக் குடத்தின் மேலேயே சரிந்தாள். இரண்டாவது அடி இடுப்பில். மூன்றாவது தொடையில். வரிசையில் நின்ற பெண்கள் விலகி இடம் விட்டார்கள். ஒருத்தி தன் குடத்தை மட்டும் பத்திரமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"போதுமாடி?" என்றாள் புனிதா, மூச்சிரைக்க.

"அத நீ கேக்கக் கூடாது கழுத. கேட்டா பயம் பூடும்" என்றாள் அமலி மண்ணில் கிடந்தபடி.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி இன்னொன்று போட்டுவிட்டுப் போனாள் புனிதா.

அமலி இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் தோலோடு தோலாக ஒட்டியிருந்த பட்டையில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் எண் ஓடி நின்றது. முப்பத்தெட்டுப் புள்ளி ஏறியிருந்தது. மோசமில்லை.

கடல் ஊருக்குள் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. கரையோரக் குப்பங்களில் இருந்தவர்களை உப்புமேட்டு முகாமுக்குக் கொண்டுவந்து, துறைமுகத்தில் கழித்துப் போட்ட இரும்புப் பெட்டிகளில் குடிவைத்தார்கள். பெட்டிக்கு ஒரு குடும்பம். தற்காலிகம் என்றுதான் அப்போது சொன்னார்கள். போன ஐப்பசி அமாவாசையில் கடல் முகாமுக்குள்ளும் ஏறியது. கீழ் வரிசைப் பெட்டிகளில் இரண்டு பிள்ளைகள் தூக்கத்திலேயே போயின. அமலியின் பெட்டியும் கீழ் வரிசைதான். அன்றிலிருந்து அவள் மகள் ஜெனிட்டாவின் காலைத் தன் காலோடு கயிற்றால் கட்டிக்கொண்டுதான் படுத்தாள். ஜெனிட்டாவுக்கு எட்டு வயது. அவளுடைய அப்பன் தெற்கே மீன்பிடிக்கப் போனவன். அங்கே வேறு குடித்தனம் என்று கேள்வி.

மேட்டு நகரில் உறைவிட ஆணையம் வருடத்துக்கு இருநூறு வீடு கட்டியது. முகாமில் பதினெட்டாயிரம் குடும்பம். அதனால் குலுக்கல். அதிகம் கஷ்டப்படுகிறவர்களுக்கு அதிகச் சீட்டு என்று ஒரு வருடம் அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கஷ்டத்துக்குச் சாட்சியாக வந்து குவிந்த காகிதங்களில் பாதி பொய். காகிதம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்று யாரோ யோசித்தார்கள். பட்டை வந்தது. வலியையும் பயத்தையும் அது ரத்தத்திலும் நரம்பிலும் அளந்தது. நூறு புள்ளிக்கு ஒரு சீட்டு.

பட்டை கட்டிய முதல் மாதம் முகாமே சுவரில் முட்டிக்கொண்டது. அமலியும் முட்டினாள். நெற்றி வீங்கியதுதான் மிச்சம்.

"அது ஏறாதுக்கா" என்றாள் நசீமா. மாதம் ஒரு முறை பட்டைகளைச் சரிபார்க்க வரும் ஆணையத்துப் பெண் அவள். "உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டினா சிரிப்பு வருமா? வராது. கை வர்றது மூளைக்கு முன்னாடியே தெரிஞ்சுபோயிடுது. அடியும் அப்படித்தான். உங்க கையா, அடுத்தவங்க கையான்னு பட்டைக்குத் தெரியும்."

"அப்ப அடுத்தவங்க அடிச்சா ஏறுமா?"

நசீமா கருவியைப் பைக்குள் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் அப்படிச் சொல்லலைக்கா" என்றாள்.

அவள் சொல்லாதது இரண்டு நாளில் முகாம் முழுக்கப் பரவியது. முதலில் புருஷன்மார்கள் அடித்தார்கள். பிரியமான புருஷன் அடித்தால் புள்ளி ஏறவில்லை. அடுத்த நொடி அவன் பதறிவிடுவான் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே அடிக்கிறவன் அடித்தால் நன்றாக ஏறியது. ஆனால் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. மூன்று பெண்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் தனபாக்கியம் குழுவைத் தொடங்கினாள். பெண்கள் மட்டும். தலையில் அடிக்கக் கூடாது, வயிற்றில் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் பார்க்க அடிக்கக் கூடாது. கையை இரண்டு முறை தட்டினால் நிறுத்திவிட வேண்டும். நேரம் சொல்லக் கூடாது. ஜோடி இரண்டும் ஒன்றோடொன்று சிரித்துப் பேசக் கூடாது.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போலத் தனபாக்கியம் பகை பார்த்துத்தான் ஜோடி சேர்த்தாள். அமலிக்குப் புனிதாவைக் கொடுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மீன் சந்தையில் ஒரு நிழலுக்காக இரண்டு பேரும் மூன்று வருடம் சண்டை போட்டவர்கள். அமலியின் புருஷன் அவளை விட்டு ஓடிய வாரத்தில், "மீன் நாத்தம் தாங்கலாம், இவ வாயி தாங்காம ஓடிட்டான்" என்று புனிதா சந்தை நடுவில் சொன்னாள். அமலி அவள் மேல் ஒரு வாளி மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதுகூடக் கிடையாது. புனிதா தனிக்கட்டை. புருஷனையும் மகனையும் ஒரே புயலில் கடல் கொண்டுபோயிருந்தது.

பொருத்தம் அபாரமாக இருந்தது. ஒரு அடிக்கு நாற்பது, ஐம்பது என்று ஏறியது. அமலிக்கு அடிப்பது நன்றாக வந்தது. எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் உடையாது என்று கைக்குத் தெரிந்தது. ஜோடி காய்ச்சலில் படுத்துவிட்ட பெண்கள் அமலியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாலையில் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு வரிசைப் பெட்டிகளில் பேச்சு நின்றுபோகும். ஜெனிட்டா எங்கே போகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கெடுத்தது ஐஸ்தான்.

மீன் விற்கிறவர்களுக்கு ரத்தம் கட்டியதைப் பார்த்தால் கை தானாக ஐஸுக்குப் போகும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அமலி போட்ட அடி குறி தப்பிப் புனிதாவின் காதோரம் பட்டுத் தோல் கிழிந்தது. அமலி துடுப்பைப் போட்டுவிட்டு, மீன் கூடையிலிருந்த ஐஸை முந்தானையில் அள்ளி அவள் காதில் வைத்து அழுத்தினாள்.

புனிதா ஒரு கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"அடிச்சிட்டு ஐஸ் வெக்கிறியே, நான் இன்னா வஞ்சிரமா?"

"மூடு. ஒன் மூஞ்சிக்கு காரப்பொடி மீனே ஜாஸ்தி."

புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. காது வலிக்க வலிக்கச் சிரித்தாள். அமலியும் சிரித்தாள். அடுத்த முறை புனிதா அமலியை அடித்தபோது பதினொன்றுதான் ஏறியது.

"ஐஸ் வெச்சியாடி?" என்று கேட்டாள் தனபாக்கியம். எப்படியோ தெரிந்திருந்தது.

"ரத்தம் வந்துச்சுக்கா. கை போய்டுச்சு."

"கை போய்டுச்சாம். நான் பகை பாத்து சேத்து வெச்சேன், நீங்க சம்பந்தியாட்டம் சிரிச்சிக்கினு கீறீங்க. பதினொன்னு! கொசு கடிச்சாக்கூட இதவிட ஏறும்."

"வேற ஜோடி குடுக்கா."

"கடைசி ரெண்டு மாசத்துல எவ மாறுவா? அவ அவளுக்கு அவ புள்ளி முக்கியம். போ, போய் அவள வெறுத்துப் பாரு."

அமலி முயன்றாள். வாளித் தண்ணீரையும் சந்தைப் பேச்சையும் உட்கார்ந்து உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். முன்பு கொதித்தது இப்போது ஆறிப்போன கஞ்சி மாதிரி இருந்தது. புனிதா பின்னால் வரும்போது காலடி ஓசையிலேயே தெரிந்துவிடுகிறது. அடி விழுகிறது, வலிக்கிறது, ஆனால் பயம் இல்லை. எட்டு. ஆறு. மற்றப் பெண்கள் ஐம்பது சீட்டு, அறுபது சீட்டு என்று போய்க்கொண்டிருந்தார்கள். அமலியிடம் இருபத்திரண்டு. புனிதாவிடம் இருபது.

"இந்த வருசம் ஐப்பசி கடலோதம் போன தபா மாதிரி ரெண்டு பங்கு வருமாம்" என்றாள் அமலி ஒருநாள். பேசக் கூடாது என்ற விதி எப்போதோ போயிருந்தது. "ஜெனி தூங்கவே மாட்டேங்குது. தண்ணி சத்தம் கேக்குதும்மான்னு எழுந்து ஒக்காந்துக்குது."

புனிதா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். "ஒனக்கு வூடு வந்தா இன்னா பண்ணுவே மொதல்ல?"

"அவள தனியா ஒரு பாயில போட்டுத் தூங்க வெப்பேன். ஒனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு வூடு. எல்லாரும் எழுதுனாங்க, நானும் எழுதுனேன்." கத்தி நின்றது. "எத்தினி சீட்டு கீது ஒனக்கு?"

"இருபத்திரண்டு."

"அது பத்தாதுடி" என்றாள் புனிதா. அப்புறம் மறுபடி செதில் சீவ ஆரம்பித்தாள்.

புள்ளிக் கணக்கு முடியும் நாள் வந்தது. மாலை ஆறு மணியோடு பட்டைகள் நின்றுவிடும். மதியம் மூன்று மணிக்கு அமலி முகாமின் பின்பக்கம், உடைந்த தடுப்புச் சுவரைத் தாண்டிக் கடல் ஏறிக் கிடக்கும் இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடி கேட்டது. புனிதா. அமலி திரும்பக்கூட இல்லை.

"சீக்கிரம் போட்டுட்டுப் போ, பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்" என்றாள்.

அவளுடைய கொண்டையை ஒரு கை பிடித்தது. தலை தண்ணீருக்குள் போனது.

தலையைத் தொடக் கூடாது என்பது விதி. மறந்துவிட்டாள் போல என்று அமலி நினைத்தாள். புனிதாவின் கையை இரண்டு முறை தட்டினாள். கை விடவில்லை. மறுபடி இரண்டு முறை. விடவில்லை. முட்டி ஒன்று முதுகெலும்பில் ஏறி அழுத்தியது. வாய்க்குள் உப்பும் மண்ணும் போயின. தலை வெளியே வந்தது, ஒரே ஒரு மூச்சுக்கு.

"செத்துப்போ" என்றது புனிதாவின் குரல் காதருகே. அதில் சிரிப்பு இல்லை. "ஒன் பொண்ண நான் வெச்சிக்கிறேன். எம் புள்ள போச்சு, ஒனக்கு மட்டும் எதுக்கு?"

மறுபடி தண்ணீர். இந்த முறை நெடுநேரம். கண்ணுக்குள் கறுப்பு வந்தது. இத்தனை நாள் சிரித்ததெல்லாம் நடிப்பு என்று அமலிக்குத் தோன்றியது. ஜெனி வந்து பெட்டிக் கதவைத் தட்டும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. தொண்டை பிளக்கத் தண்ணீரைக் குடித்தாள். கால் உதைத்தது. விரல்கள் சேற்றைப் பிறாண்டின. ஒரு கல் அகப்பட்டது.

முதல் அடி எங்கே பட்டது என்று தெரியவில்லை. பிடி தளர்ந்தது. எழுந்தாள், வாந்தி எடுத்தாள், புனிதாவின் மேல் பாய்ந்தாள். கீழே தள்ளி மார்பில் உட்கார்ந்து கல்லால் அடித்தாள். புனிதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். அமலி அந்தக் கைகளின் மேல் அடித்தாள். விரல் ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. இன்னொன்று. தோள், விலா, தாடை. அடிக்கத் தெரிந்த கை. எங்கே அடித்தால் உடையாது என்று அதற்குத் தெரியும். எங்கே அடித்தால் உடையும் என்பதும் தெரியும்.

பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பள்ளிப் பையோடு ஜெனிட்டா வந்தாள்.

"அம்மா" என்றாள்.

அமலிக்கு அது கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு முறை அடித்தாள்.

நான்கு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்து இழுக்க முடிந்தது. புனிதா சேற்றில் கிடந்தாள். உதடு கிழிந்து பல் தெரிந்தது. வலது கை விரல்கள் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திரும்பவும் சொன்னாள்.

"ஏறிச்சா?"

அமலி தன் கையைத் திருப்பினாள். கண்ணாடியில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்துக்கு மேல் ஏறியிருந்தது. ஒன்பது சீட்டு. அவள் கையிலிருந்த கல் அப்போதுதான் கீழே விழுந்தது.

"பாவி" என்றாள் அமலி. "பாவி, சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா ஏறாதே" என்றாள் புனிதா.

குலுக்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் புனிதா அமலியின் பெட்டியில் கிடந்தாள். இரண்டு கையிலும் கட்டு. அமலி சோறு பிசைந்து ஊட்டினாள், தலை வாரினாள், வெளிக்குக் கூட்டிப்போனாள். "கூத்தப் பாரு, மாமியாக்காரிகூட இவ்ளோ சேவை வாங்கல" என்று புனிதா கிழிந்த உதட்டால் பேசுவாள். ஜெனிட்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டுகளை மெல்லத் தடவிக்கொண்டே இருப்பாள். மற்றபடி பிள்ளை திருந்திவிட்டது. சொன்ன உடனே எழுந்தாள், சொன்ன உடனே சாப்பிட்டாள், எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. வளர்ந்துவிட்டாள் என்று அமலி நினைத்துக்கொண்டாள்.

குலுக்கல் மேட்டு நகர் மண்டபத்தில் நடந்தது. பெரிய திரையில் பெயர்கள் வந்தன. பெயர் வந்தவர்கள் குடும்பத்தோடு மேடைக்குப் போய் ஒரு மேசை முன்னால் நிற்க வேண்டும். அங்கே நசீமா உட்கார்ந்திருந்தாள். பட்டை இல்லாத பிள்ளைகளுக்கு அங்கேயே ஒன்றை ஒட்டி, குடும்பத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் கையைப் பிடிக்க, அவள் பட்டைகளைப் படித்தாள். பச்சை விளக்கு எரிந்தால் சாவி.

முதலில் மேடையேறியவர்களில் ஒருவனுக்குச் சிவப்பு எரிந்தது. அவன் மனைவியின் கையைப் பிடித்தபோது.

"நான் இவள தொட்டதுகூட இல்ல மேடம்!" என்று அவன் கத்தினான். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காவலர்கள் அவனைக் கீழே இறக்கினார்கள். சாவி அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்.

"இன்னாடி இது?" என்றாள் புனிதா.

பக்கத்தில் இருந்த தனபாக்கியம் சொன்னாள். "இந்த வருசம் புச்சு. பயப்படுற ஆளையும் பயங்காட்டுற ஆளையும் ஒரே கதவுக்குள்ள போட்டுப் பூட்ட மாட்டாங்களாம். நல்லதுதானே."

மூன்று மணி நேரம் ஆனது. அமலியின் பெயர் வரவில்லை. நூற்றெழுபதாவது பெயராகத் திரையில் புனிதவதி, பெட்டி எண் 611 என்று வந்தது. அந்தக் கடைசி மதியத்தில் அமலியின் கல் அவளுக்கு நாலாயிரம் புள்ளி கொடுத்திருந்தது.

புனிதா எழுந்திருக்கவில்லை. அமலிதான் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"போ. போய் வாங்கு."

"நீயும் வா. பாப்பாவையும் கூட்டிக்க. மூணு பேர் எழுதலாம்." புனிதா முறைத்தாள். "ஓசியில ஒன்னும் இல்ல. மீன் நீதான் வெட்டணும். என் கை இனிமே ஒதவாது."

மேடையில் நசீமா மூவரையும் நிமிர்ந்து பார்த்தாள். "இவங்கதான் உங்க குடும்பமா?" என்று கேட்டாள்.

"ஆமா. இந்தச் சனியன்தான்."

அந்தத் தண்ணீரின் பயம் அமலியின் உடம்பில் இன்னும் இருக்குமோ? கட்டுப் போட்ட கையை மெல்லப் பிடித்தாள். புனிதாவின் முகத்தைப் பார்த்தாள். கோணிப்போன தாடை, அவள் ஊட்டிய வாய். பச்சை எரிந்தது. புனிதாவுக்கும் பச்சை. பிறகு ஜெனிட்டா புனிதாவின் கையைப் பிடித்தாள். பச்சை.

ஜெனிட்டா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

சிவப்பு.

"பட்டை சரியா ஒட்டலை போல" என்றாள் நசீமா. துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு. "பாப்பா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா? மூச்சை நல்லா இழுத்து விடு. ம். இப்போ பிடி."

சிவப்பு.

"அம்மா" என்றாள் ஜெனிட்டா. "பயம் இல்லன்னுதாம்மா நெனச்சிக்கினே கீறேன். மெய்யாலுமே நெனக்கிறேம்மா."

"தெரியும் கண்ணு" என்று அமலி அவள் தலையைத் தடவக் கையைத் தூக்கினாள். ஜெனிட்டாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. தோள்கள் காதுவரை ஏறின.

அமலியின் கை அந்தரத்தில் நின்றது.

நசீமா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிள்ளை புனிதா அக்காகூடப் போகலாம்க்கா. உங்களுக்கு முடியாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். பிள்ளையை இவங்க பொறுப்புல விடறேன்னு நீங்க ரேகை வைக்கணும்." படிவத்தை மேசையில் வைத்தாள். "இல்லன்னா மூணு பேருமே திரும்பிப் போயிடலாம். வீடு அடுத்த பேருக்குப் போயிடும்."

"போவட்டும்" என்றாள் புனிதா. மேசையில் நசீமா முன்னால் இருந்த சாவியை மணிக்கட்டால் கீழே தள்ளிவிட்டாள். "எவளுக்கு வேணும் இந்த மயிரு வூடு? வாடி போலாம்."

"எடு அத."

"மாட்டேன்."

"எடுறீ!"

அமலியின் வலது கை தானாக ஓங்கியது. ஐந்து மாதப் பழக்கம். ஜெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அமலி அந்தக் கையை இடது கையால் பிடித்து இறக்கி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். குனிந்து சாவியை எடுத்து, புனிதாவின் முந்தானையில் முடிந்தாள்.

"ஐப்பசிக்கு ஒம்பது நாள்தான் கீது" என்றாள் மெதுவாக. "கூட்டிக்கினு போ. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

புனிதா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஜெனிட்டா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அமலி ரேகை வைத்தாள். நசீமா அவளுடைய பட்டையை அடுத்த வருடக் குலுக்கலுக்காகப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, மறுபடி ஓடவிட்டாள். புனிதாவும் ஜெனிட்டாவும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்கள். கதவருகே ஜெனிட்டா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அமலி சிரித்துக் காட்டினாள். கையை அசைக்கவில்லை.

மீதி முப்பது பெயர்களிலும் அமலியின் பெயர் வரவில்லை. முகாமுக்குப் போகும் கடைசிப் பேருந்தில் கூட்டம் இல்லை. பெயர் வராதவர்கள் ஆளுக்கொரு இருக்கையில் சன்னலோரமாகச் சாய்ந்திருந்தார்கள். அமலி கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். இருபது வயது இருக்கும். மூன்றாம் வரிசைப் பெட்டிக்குப் புதிதாக வந்தவளாம். அவள் பார்வை அமலியின் மணிக்கட்டில் விழுந்து அங்கேயே நின்றது.

கண்ணாடியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு. நானூற்று அறுபது. ஐந்நூற்று முப்பது.

"அக்கா" என்றாள் அந்தப் பெண், ஆசையோடு குனிந்து. "ஒருத்தரும் ஒங்கள அடிக்கல, எப்பிடிக்கா இவ்ளோ வேகமா ஏறுது? எந்தக் குழு நீங்க? ஒங்க ஜோடி யாருக்கா, எனக்கும் சொல்லுக்கா."